பழைய டூ இன் ஒன்னும் பிரையன் ஆடம்ஸும்: கோட்டாறு டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை எப்படி?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுப் பரணிலாவது ஓடாத டேப் ரிக்கார்டர் கிடந்தால், ஆக்கர் கடையில் போடுவதற்கு முன்னால் கோட்டாறு பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் இந்த ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வேலை சுத்தம். காசு நியாயம். நேரம்தான் மோசம், மகா மோசம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஈஸ்டருக்குள் தருகிறேன் என்று சொன்ன மெஷின் என் கைக்கு வந்தபோது பள்ளிக்கூடம் திறந்து இடவப்பாதி மழையும் பிடித்திருந்தது, அதற்குத்தான் அந்த ஒரு நட்சத்திரக் குறைவு.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டர் எப்போதும் பாதிதான் ஏறியிருக்கும், குனிந்து உள்ளே போக வேண்டும். போனால் ஒரு பக்கம் ஸ்பீக்கர் வலை கிழிந்த ஆம்ப்ளிஃபையர்கள், கோயில் திருவிழா மைக்செட்டுக்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஹார்ன்கள், இன்னொரு பக்கம் பிலிப்ஸ், நேஷனல், சோனி என்று எந்தக் காலத்திலோ யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோன டேப் ரிக்கார்டர்கள். நடுவில் ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே அண்ணாச்சி. அறுபதைத் தாண்டிய ஆள். வந்தவரை முதலில் பார்க்க மாட்டார், வந்த மெஷினைத்தான் பார்ப்பார். பிறகுதான் "இரிங்க தம்பி" என்பார். இருக்க இடம் இருக்காது, அது வேறு விஷயம்.

என் மெஷின் ஒரு நேஷனல் பானசோனிக் டூ இன் ஒன், அதாவது ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் ஒரே பெட்டிக்குள். இதற்கு முன்னால் வேறொரு கடையில் காட்டினேன், அங்கே மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு "இதுக்கு ஸ்பேர் வராது, புளூடூத் ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கிக்கிடுங்க" என்றார்கள். அண்ணாச்சி அப்படிச் சொல்லவில்லை. பின்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, மூடியை எடுத்து, உள்ளே விரலை விட்டு வெளியே எடுத்தார். விரல் நுனியில் தார் மாதிரி கறுப்பாக ஏதோ இழுபட்டு வந்தது. அதுதான் பெல்ட். ரப்பர் பெல்ட் வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் சிலது காய்ந்து வெடிக்கும், சிலது இப்படி உருகிக் கப்பியில் ஒட்டிக்கொள்ளும். புது பெல்ட் போடுவது பெரிய வேலை இல்லையாம், பழையதைச் சுரண்டி எடுப்பதுதான் வேலை. கப்பியின் பள்ளத்தில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு ஒரு தடவை தள்ளாடும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்துத் துடைத்து, பித்தளை பளபளவென்று தெரிகிற வரைக்கும் விடவில்லை.

சரி, இதில் கனடா நாட்டு ராக் பாடகர் பிரையன் ஆடம்ஸ் எங்கே வந்தார் என்று கேட்பீர்கள். இந்த மெஷினும் அவரும் எங்கள் வீட்டுக்குள் ஒரே பெட்டியில்தான் வந்தார்கள்.

எங்கள் வீடு திங்கள்சந்தை பக்கம். 90களின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் கல்ஃபில் ஆள் இல்லாத வீட்டை எண்ணிவிடலாம். அம்மாவின் தம்பி, என் மாமா, மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்தார். பெட்டியைத் திறந்தால் டாங் பொடி, நிடோ டின், கோடாலித் தைலம், வாசனை சோப்பு, அதற்கெல்லாம் அடியில் துண்டில் சுற்றி இந்த டூ இன் ஒன். புதுசு இல்லை, ரூமில் கூட இருந்த ஒரு கோவாக்காரர் ஊருக்குப் போகும்போது மாமாவுக்குக் கொடுத்தது. அதற்குள்ளேயே ஒரு கேசட்டும் மாட்டியிருந்தது, எடுக்க மறந்துவிட்டார் போல. அதுதான் அவருடைய 'ரெக்லெஸ்' ஆல்பம்.

அந்த ஆல்பத்தைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. 1984 நவம்பர் 5, பாடகரின் 25வது பிறந்தநாள் அன்று வெளிவந்தது, பத்துப் பாட்டு, அதில் ஆறு அமெரிக்கப் பட்டியலில் முதல் பதினைந்துக்குள் வந்தவை, ஒன்றில் டினா டர்னர் கூடப் பாடியிருக்கிறார் என்பதெல்லாம் பிறகு படித்தது. ஏழு வயதில் எனக்குத் தெரிந்தது ஒரு கரகரப்பான குரல். தொண்டைக்குள் மணல் போட்டுக்கொண்டு பாடுகிறாரோ என்று இருக்கும், ஆனால் ஸ்ருதி ஒரு இடத்திலும் விலகாது. அம்மாச்சி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இந்தப் பய தொண்டை கட்டிப் போயில்லா பாடுகான், யாராவது கருப்பட்டியும் மிளகும் போட்டுக் காப்பி குடுங்களேண்டே" என்றாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'தொண்டைகட்டி'தான். என் மகள்கூட அப்படித்தான் சொல்கிறாள்.

அப்புறம் கிட்டார். எங்கள் பக்கத்துச் சர்ச் கொயர்களில் கிட்டார் பிடிக்கத் தெரிந்தவன் ஹீரோ. கிறிஸ்துமஸ் கேரலுக்கு வீடு வீடாகப் போகும்போது டிரம் அடிப்பவனைவிட கிட்டார்க்காரனுக்குத்தான் கேக் பெரிய துண்டு கிடைக்கும். எங்கள் கொயர் அண்ணன் ஒருவர் எனக்கு 'சம்மர் ஆஃப் சிக்ஸ்டி நைன்' சொல்லிக்கொடுத்தார். பாட்டின் பெரும்பகுதி டி, ஏ என்ற இரண்டு கிட்டார் கார்டில் (chord) நகரும், பல்லவி வரும்போது பி மைனரும் ஜி-யும் சேரும். விரல் நுனி தடித்துப்போக அது போதும். பாட்டிலும் அதே கதைதான் வரும், கடையில் கிட்டார் வாங்கி விரல் புண்ணாகிற வரை வாசித்த பையன். 1969 கோடையில் அவருக்கு வயது ஒன்பதுதான் என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம், ஏனென்றால் எனக்கும் அப்போது அதே வயசு.

ஆனால் ஒரு பிரச்சினை இருந்தது. கொயர் அண்ணன் ஸ்ருதிக்குழலில் கிட்டாரைச் சரியாகச் சேர்த்துக்கொண்டு வருவார், எங்கள் வீட்டு டேப்பைப் போட்டுக் கூட வாசித்தால் இரண்டும் சேராது. டி பிடித்தால் டேப் அதற்கு ஒரு படி கீழே நிற்கும். கிட்டாரின் ஆறு கம்பியையும் இளக்கி டேப்போடு சேர்ப்பார், பிறகு கோயிலில் கீபோர்டோடு சேராது. "இந்தக் கிட்டார் கழுத்து வளைஞ்சு போச்சு மக்கா" என்று கிட்டாரைத் திட்டுவார். பாவம் அந்தக் கிட்டார்.

ஸ்டார் டிவி வழியாக எம்டிவி வந்தது. கேபிள் இருந்த வீடு எங்கள் தெருவில் ஒன்றுதான், அங்கே திண்ணையில் இடம் பிடித்துத்தான் முதன்முதலாக அவர் முகம் அசைவதைப் பார்த்தேன். 1993இல் வந்த 'பிளீஸ் ஃபர்கிவ் மீ' வீடியோவில் ஸ்டுடியோவுக்குள் ஒரு நாய் சுற்றி வரும், பாட்டைவிட அந்த நாயை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ராபின் ஹூட் படத்துப் பாட்டு 1991இல் இங்கிலாந்தில் தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் இருந்ததாம்; எங்கள் மாவட்டத்தில் அதற்கப்புறம் வருஷக்கணக்கில் கல்யாண வீடியோ கேசட்டுகளில் இருந்தது. மாப்பிள்ளை பெண்ணுக்கு மோதிரம் போடுகிற இடத்தில் வீடியோக்காரர்கள் தவறாமல் அதைத்தான் ஒட்டுவார்கள். அந்தப் பாட்டு எனக்கு அலுத்துப்போனதற்கு முழுக்காரணம் உறவினர் கல்யாணங்கள்.

டிவியில் கேட்டபோதும், பிறகு எம்பி3 சிடிகளில் கேட்டபோதும் பாட்டு கொஞ்சம் அவசரமாகப் போகிற மாதிரி எனக்குத் தோன்றும். டேப்பில் கேட்டதில் ஒரு சாவகாசம் உண்டு. அதுதான் அசல் என்று மனதில் பதிந்துவிட்டது.

2011 பிப்ரவரியில் அவர் இந்தியா வந்தார். 90களிலேயே மும்பைக்கு வந்து பாடியவர்தான், ஆனால் அப்போது நான் திங்கள்சந்தையைத் தாண்டிப் போக வழியில்லை. 2011 சுற்றில் டெல்லிக் கச்சேரி அனுமதிச் சிக்கலில் நின்றுபோனது என்று செய்தி வந்ததும் வயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ரிசர்வேஷனும் ஆகிவிட்டது. ஐலண்டில் போனவர்களுக்குத் தெரியும், கேரளம் முழுவதையும் சுற்றிக்காட்டிவிட்டுத்தான் பெங்களூரில் இறக்கிவிடும். வீட்டிலிருந்து கொண்டுபோன நேந்திரங்காய்ச் சிப்ஸ் பாலக்காட்டுக்கு முன்னாலேயே தீர்ந்துபோனது.

கச்சேரி எப்படி இருந்தது என்று கேட்டால், முதல் சில பாட்டுக்கு நான் பாட்டே கேட்கவில்லை, ஆளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுக்கு நடுவில் பேச்சு குறைவு. பக்கத்தில் கீத் ஸ்காட், ரொம்பக் காலமாகக் கூடவே இருக்கும் கிட்டாரிஸ்ட், அவர் ஓடி ஆடிக்கொண்டிருப்பார், இவர் மைக்கை விட்டு நகர மாட்டார். பாடகி மெலனி சி-யோடு சேர்ந்து பாடிய பாட்டு வந்தால் கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்துப் பாட வைப்பது அவருடைய பழைய வழக்கம். கூட வந்த நண்பன் "நம்மளக் கூப்பிட மாட்டாரா" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் நின்றது ரொம்பப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் திரையில் வாய் அசைந்து முடிந்த பிறகுதான் குரல் வந்து சேரும். ஒலி ஒரு நொடிக்கு 340 மீட்டர் சொச்சம்தான் போகும், நூறு மீட்டர் தள்ளி நின்றாலே கால் நொடிக்கும் மேலே பின்தங்கிவிடும் என்று பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் விளக்கினார். நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் குடைந்தது. அந்த மனுஷனே, அவருடைய பாட்டையே, எங்கள் வீட்டு டேப்பைவிட வேகமாகவும் ஒரு படி மேலேயும் பாடுகிறாரே, ஏன்?

2018 அக்டோபரில் மறுபடி வந்தார், கல்யாணம் ஆகியிருந்ததால் மனைவியோடு போனேன். அவளுக்கு ராக் பிடிக்காது, "ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் தி ஹார்ட்" பாடும்போது மட்டும் போனைக் கீழே வைத்தாள். அந்தச் சுற்றில்தான் டெல்லியில் தூசியும் புகையுமாக இருந்த வானத்தில் தன் நிழல் பெரிதாக விழுந்திருந்த படத்தைப் போட்டிருந்தார். அவர் நல்ல போட்டோகிராபரும்கூட, எலிசபெத் ராணியை எடுத்தவர், அதனால் அந்தப் படம் எனக்கு ஆச்சரியமாக இல்லை. 2024 டிசம்பரில் கொல்கத்தா, ஷில்லாங், குருகிராம், மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கோவா என்று சுற்றினார், நம் மாநிலத்துக்கு அப்போதும் வரவில்லை. மறுபடி பெங்களூரு, மறுபடி ரயில், இந்த முறை மகளோடு. அவருக்கு 65 ஆகி ஒரு மாதம் கழிந்திருந்தது. குரலில் வயசு தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. டிக்கெட் விலையில் தெரிந்தது. குடிக்கத் தண்ணீர் வாங்க நின்ற வரிசையில் இரண்டு பாட்டு போய்விட்டது, ஏற்பாடு செய்தவர்களுக்கு அதில் ஒரு நட்சத்திரமும் தர மாட்டேன்.

ஊருக்கு வந்ததும் மகள் கேட்டாள், "அப்பா, நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போ தொண்டைகட்டியை எதுல கேட்ட?" பரணிலிருந்து மெஷினை இறக்கினேன். பட்டனை அழுத்தினால் ஒரு முனகல்கூட இல்லை. அப்படித்தான் அண்ணாச்சியிடம் போய்ச் சேர்ந்தது.

இனி கடை விஷயம். பெல்ட் மாற்றி முதன்முதலாக 'ரெக்லெஸ்' கேசட்டைப் போட்ட அன்று நான் அங்கே இருந்தேன். குரல் வந்தது. அதே குரல், அதே சாவகாசம், சிறுவயதில் கேட்ட அப்படியே. "போதும் அண்ணாச்சி, கட்டிக் குடுங்க" என்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நில்லுங்க தம்பி. ஸ்பீடு குறைவா இருக்கு."

"இல்ல அண்ணாச்சி, இப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குப் பாட்டு தெரியும், எனக்கு மெஷின் தெரியும்."

கேசட்டில் டேப் ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும், உலகம் முழுக்க அதுதான் கணக்கு. அதைச் சரிபார்க்க அவரிடம் ஒரு டெஸ்ட் கேசட் இருக்கிறது, 'கீ' என்று ஒரே சத்தம்தான் வரும், 3000 ஹெர்ட்ஸ். அதைப் போட்டு மீட்டரை வைத்தார். 2820 காட்டியது. நூற்றுக்கு ஆறு குறைவு. ஆறு சதவீதம் என்றால் ஏறக்குறைய அரை ஸ்வரம், கிட்டாரில் ஒரு ஃப்ரெட், அதாவது ஒரு கட்டம். எனக்கு ஏதோ பொறி தட்டியது. போனில் நேரம் பார்த்து 'சம்மர் ஆஃப் சிக்ஸ்டி நைன்' முழுவதையும் ஓடவிட்டேன். 3 நிமிடம் 36 நொடிப் பாட்டு, எங்கள் மெஷினில் 3 நிமிடம் 50 நொடி. கொயர் அண்ணனின் கிட்டார் கழுத்து வளையவே இல்லை என்று அவருக்கு அன்றைக்கே போன் செய்து சொன்னேன். சவூதியில் இருக்கிறார், சிரித்துக்கொண்டே "அந்தக் கிட்டாரை நான் வித்துட்டேன்டே" என்றார்.

புது பெல்ட் போட்டும் ஏன் மெதுவாக ஓடுகிறது? அண்ணாச்சி மோட்டாரைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள்ளே ஸ்க்ரூடிரைவர் நுனி மட்டும் நுழைகிற ஒரு திருகு. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதுதான். கம்பெனியில் சரிபார்த்ததும் அதன்மேல் ஒரு பொட்டு பெயின்ட் வைப்பார்களாம், இதில் அந்தப் பெயின்ட் உடைந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே, மஸ்கட்டிலோ எங்கேயோ, யாரோ கை வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கையால் என் சிறுவயது முழுக்க ஒரு பாடகன் அரை ஸ்வரம் இறங்கிப் பாடியிருக்கிறான்.

வேகத்தைச் சரிசெய்த பிறகு ஹெட்டுக்கு வந்தார். இந்தக் கடைக்காக நான் பணம் கொடுத்தது வீண்போகவில்லை என்று தோன்றியது இங்கேதான். டேப் உரசிப் போகிற ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தாலும் மேல் ஸ்தாயி ஒலிகள் செத்துப்போகும். அந்தக் கரகரப்பு முழுக்க இருப்பது அங்கேதான், அது போய்விட்டால் பிரையன் ஆடம்ஸ் யாரோ ஒரு நல்ல பாடகர், அவ்வளவுதான். ஹெட்டின் இடது ஓரத்தில் ஒரு ஸ்பிரிங் வைத்த குட்டி ஸ்க்ரூ உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மயிரிழை இடது, மயிரிழை வலது. 'ஸ்' என்று வருகிற இடங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின, பின்னால் சிம்பலின் சத்தம் எட்டிப் பார்த்தது, பிறகு பாடகர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அந்த மூச்சை நான் அதற்குமுன் அந்தக் கேசட்டில் கேட்டதே இல்லை. அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. "இந்த ஆளுக்குத் தொண்டையில என்ன?" என்று மட்டும் கேட்டார். ஸ்க்ரூமேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து அசையாமல் பண்ணினார்.

இதெல்லாம் நன்றாகத்தான் போனது. சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகு. எங்கள் வீட்டில் கேசட் கடிதங்கள் இருக்கின்றன. மாமாவுக்கு மஸ்கட்டுக்கு அனுப்புவதற்காக அம்மாச்சி இந்த மெஷினிலேயே பேசிப் பதிவு செய்தவை, மாமா திரும்பி வரும்போது எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதில் ஒன்றின் கடைசியில் நானும் கத்திக் கத்தி ஒரு பாட்டுப் பாடியிருப்பேன். மெதுவாக ஓடிய மெஷினில் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் என்ன ஆகும்? அம்மாச்சி கீச்சுக் குரலில் அவசர அவசரமாக "சுகமா இருக்கியா மக்கா, மீனு கிடைக்குதா" என்கிறாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

மறுபடி கடைக்குப் போய், பழைய வேகத்துக்கே திருப்பி வைத்துவிடுங்கள் என்று கேட்டேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. பாடினவன் எந்த வேகத்தில் பாடினானோ அந்த வேகத்தில்தான் மெஷின் ஓட வேண்டும் என்பதில் ஆள் பிடிவாதம். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். மோட்டாருக்குள் இருக்கும் அந்தத் திருகிலிருந்து ஒயர் இழுத்து, பழைய ஆம்ப்ளிஃபையர் வால்யூம் குமிழ் ஒன்றை மெஷினின் பக்கவாட்டில் மாட்டிவிட்டார். திருப்பினால் வேகம் மாறும். சரியான வேகத்துக்கு நேராக ஒரு சிவப்புப் பொட்டு, பழைய வேகத்துக்கு நேராக ஒரு பச்சைப் பொட்டு. சிவப்பில் தொண்டைகட்டி, பச்சையில் அம்மாச்சி. இதைச் செய்வதற்கு அவர் வாங்கியது 150 ரூபாய், அதுவும் குமிழுக்குத்தான்.

மொத்தக் கணக்கு கேட்பவர்களுக்கு: பெல்ட் செட்டும் சுத்தம் செய்கிற கூலியும் 600, டேப்பை இழுத்து ஓட்டுகிற ரப்பர் உருளை (பிஞ்ச் ரோலர்) 250, வேகமும் ஹெட் அலைன்மென்ட்டும் 200, குமிழ் 150. ஆக 1200. இந்தக் காசுக்கு ஆன்லைனில் கிடைக்கிற யுஎஸ்பி கேசட் பிளேயர் ஒன்றும் வாங்கலாம், ஒரு நண்பர் வாங்கியிருக்கிறார், அதில் எந்தப் பாடகரும் தள்ளாடித்தான் பாடுகிறார். கனமான ஃப்ளைவீல் சக்கரம் இல்லாத மெஷினில் வேகம் நிலையாக நிற்காது. ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் கிடைக்கிறதே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, நானும் பஸ்ஸில் அதில்தான் கேட்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். போன் எடுக்க மாட்டார். ஒரு நாள் சொல்லி வரச்சொன்னால் அன்றைக்குக் கடை பூட்டியிருக்கும், சவேரியார் கோயில் திருவிழா சமயத்தில் மைக்செட் வேலைதான் முதல், மற்றதெல்லாம் பிறகு. ஜிபே கிடையாது, ரொக்கம்தான், சில்லறை நாம்தான் கொண்டுபோக வேண்டும். சிடி பிளேயர் தொடமாட்டார், லென்ஸ் போனால் போனதுதான் என்பார்.

கேசட்டுகளுக்கும் வைத்தியம் பார்ப்பார், அதற்காக மட்டுமே போகலாம். நம்ம மாவட்டத்தில் இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அலமாரிக்குள் ஈரம் வற்றுவதே இல்லை, அதனால் டேப் சுருளின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். அப்படியே மெஷினில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டும் கெடும். அவர் அதை வெளியே மெதுவாகச் சுற்றவிட்டு உலர்ந்த துணியில் துடைத்த பிறகுதான் போடுவார். கேசட்டுக்குள் ஹெட்டுக்கு நேராக ஒரு செம்புத் தகட்டில் குட்டிப் பஞ்சு ஒட்டியிருக்கும், அது விழுந்துவிட்டால் பாட்டு மங்கிவிடும். நிறையப் பேர் டேப்பே போய்விட்டது என்று தூக்கிப்போடுவது அந்தப் பஞ்சு விழுந்த கேசட்டைத்தான். ஸ்க்ரூ போட்ட கேசட் என்றால் திறந்து வேறு பஞ்சு ஒட்டுவார், ஒட்டிய கேசட் என்றால் உடைத்து, டேப்பை எடுத்து வேறு கூட்டுக்குள் மாற்றுவார். என் 'ரெக்லெஸ்' இப்போது இருப்பது ஏதோ ஒரு பக்திப் பாடல் கேசட்டின் கூட்டுக்குள்தான், மேலே பிள்ளையார் படம் இருக்கிறது.

போகிறவர்கள் காலை பதினொரு மணிக்குமேல் போங்கள். சாயா குடித்துவிட்டே போங்கள், போனால் சீக்கிரம் விடமாட்டார். உங்களுக்கு மனப்பாடமான பாட்டு உள்ள கேசட் ஒன்றையும் கண்டிப்பாக எடுத்துப் போங்கள். இல்லையென்றால் தள்ளாட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவருடைய சொந்தக் கேசட்டைப் போடுவார். அது நாதஸ்வரக் கச்சேரி. நீட்டிப் பிடிக்கிற ஸ்வரத்தில்தான் மெஷினின் யோக்கியதை தெரியும் என்பது அவர் கட்சி, அதில் தப்பும் இல்லை. ஆனால் ஆலாபனை தொடங்கிவிட்டால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிடுவார், அந்தப் பக்கம் முழுக்க ஓடி முடிகிற வரைக்கும் உங்கள் மெஷினை யாரும் தொட முடியாது.